ஓட்டெடுப்பு முடியும் வரை

சீட்ஸ்கா கேட்டது நாலு வரி. சங்கம் எழுதிக் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தேடினாலும் அவள் கேட்ட நாலு வரியில் ஒன்றுகூடக் கிடைக்காது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுடையது க்ரோனிங்கனில் மாணவர்களே நடத்தும் மாதிரி ஐ.நா. சங்கம். பெயர் கொம்பாஸ். வருடத்துக்கு மூன்று மாநாடு. கால்வாய் ஓரத்தில் நகராட்சி வாடகைக்கு விடும் ஒரு பழைய கிடங்கில் சூட்டும் டையுமாகக் கூடுவோம். ஆளுக்கொரு நாடாக மாறி மூன்று நாள் உலகத்தைக் காப்பாற்றிவிட்டு, திங்கட்கிழமை காலையில் சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வகுப்புக்குப் போவோம். அரங்கத்துக்குள் யாரும் ‘நான்’ என்று சொல்லக் கூடாது. ‘ஐஸ்லாந்து கருதுகிறது’, ‘போர்ச்சுகல் வருந்துகிறது’ என்றுதான் பேச வேண்டும். போன்களை வாசலில் ஒரு பிரம்புக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்ல வேண்டுமானால் சீட்டு எழுதி அனுப்பலாம், அதையும் மேடையில் இருப்பவர்கள் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஓட்டெடுப்பு தொடங்கிவிட்டால் அதுவும் கிடையாது. கதவை மூடிவிடுவோம். ஆளும் போகக் கூடாது, சீட்டும் வரக் கூடாது.

இந்த விதிகளையெல்லாம் எந்தப் புண்ணியவான் எழுதினான் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் மனப்பாடமாகத் தெரியும். சொந்த அம்மாவின் பிறந்தநாளை மறக்கிறவன்கூட பதினேழாம் விதியின் இரண்டாம் உட்பிரிவை மறக்க மாட்டான்.

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. வட அட்லாண்டிக் கடலின் கானாங்கெளுத்தி மீனை எந்த நாடு எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்யும் குழு. இருபத்திரண்டு நாடுகள். தலைமை டீடரிக். சங்கத்தின் தலைவனும் அவன்தான். பக்கத்தில் துணைத் தலைவராக நான், ரென்ஸ்கா. ஓட்டு எண்ணுவது என் வேலை. சீட்ஸ்கா ஐஸ்லாந்து.

அவள் அந்தக் குழுவைக் கேட்டு வாங்கியிருந்தாள். அவளுடைய ஊர் ஸௌட்காம்ப் என்ற சின்ன மீன்பிடித் துறைமுகம். அப்பா வீட்சாவுக்குச் சொந்தமாக இறால் படகு உண்டு. அன்று காலையில் நார்வேயாக இருந்தவன் வலையின் கண் அளவைப் பற்றி ஏதோ உளற, அவள் எழுந்து, “அந்த வலையில கானாங்கெளுத்தி மாட்டாது, நார்வேயோட மானம்தான் மாட்டும்” என்றாள். அரங்கமே சிரித்தது. டீடரிக் மட்டும் சுத்தியலைத் தட்டினான்.

“ஐஸ்லாந்தாப் பேசு சீட்ஸ்கா. உங்கப்பாவாப் பேசாதே.”

மூன்று பத்துக்கு ஓட்டெடுப்பு தொடங்கியது. கதவை மூடினோம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம். கட்டடத்தின் காவலாளி ஹார்ம். காவலுக்கு நின்ற முதலாண்டுப் பெண் உள்ளே விடவில்லை. அவர் விடாமல் பேசிப் பேசி, கடைசியில் ஒரு துண்டுச் சீட்டை மட்டும் அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். அவள் குனிந்தபடியே ஓடிவந்து அதை மேடையில் வைத்தாள்.

டீடரிக் பிரித்துப் படித்தான். நானும் எட்டிப் பார்த்துப் படித்தேன். வண்டி நிறுத்தும் ரசீதின் பின்பக்கத்தில் ஹார்மின் கொட்டை எழுத்து: ‘சீட்ஸ்காவுக்கு. அப்பாவுக்கு மாரடைப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உடனே வா. அம்மா.’

பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்.

“கொடுத்துடு டீடரிக்” என்றேன்.

“ஓட்டெடுப்பு நடக்குது.”

“அப்பாவுக்குன்னு போட்டிருக்குடா.”

“எல்லாம் போட்டிருக்கும். போன வருஷம் லண்டன் மாநாட்டுல ஒருத்தன், தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும், மாமா செத்துட்டார்னு சீட்டு வரவழைச்சு ஓட்டெடுப்பையே நிறுத்தினான். மாமா நல்லாத்தான் இருந்தாரு. பத்தே நிமிஷம், முடிஞ்சதும் கொடுத்துடலாம்.”

சீட்டைச் சுத்தியல் கட்டைக்கு அடியில் செருகினான்.

பத்து நிமிடமாவது? போர்ச்சுகலாக இருந்த பெப்பைன் எழுந்து, தீர்மானத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக ஓட்டெடுக்க வேண்டும் என்று கேட்டான். கேட்க அவனுக்கு உரிமை உண்டு, விதியில் இருக்கிறது. பதினொரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு நாட்டின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டுப் பதில் வாங்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆனது. ஐஸ்லாந்து பதினொரு முறையும் தெளிவான குரலில் பதில் சொன்னது.

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. டீடரிக் சீட்டை நீட்டினான். அவள் படித்தாள், நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், ஓடினாள். கூடையில் கிடந்த போனைக்கூட எடுக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்பே வீட்சா போய்விட்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு பெரிய தவறு, பெரிய துக்கம் என்று வாய்பொத்தி அழுதுவிட்டு இருந்திருப்போம். முடியவில்லை. அவளுடைய அம்மா ஆஃப்கா, மகளின் போன் எடுக்கப்படாததால் கிடங்கின் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டாம் முறை கூப்பிட்டபோது ஹார்ம், “சீட்டு உள்ள போயிடுச்சும்மா, கவலைப்படாதீங்க, இப்ப வந்துடுவா” என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. சீட்டு உள்ளே போகத்தான் செய்தது.

ஆகவே ஆஃப்காவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: செய்தி மகளுக்குப் போனது. மகள் வரவில்லை. எல்லாம் முடிந்தபிறகு சூட்டும் டையுமாக வந்து நின்றாள்.

அடக்கம் முடிந்து ஸௌட்காம்ப் தேவாலயத்தின் பின்கூடத்தில் காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். சங்கத்திலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். ஆஃப்கா தானே தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். எனக்குக் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற தன் மகளைத் தாண்டி, அடுத்தவருக்குக் கொடுத்தார்.

கோட்டு மாட்டும் இடத்தில் சீட்ஸ்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா நம்ப மாட்டேங்குறாங்கடி. உள்ளது உள்ளபடி சொல்லிட்டேன். ‘அப்பன் சாகக் கெடக்குறான்னு எழுதின சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு நாப்பது நிமிஷம் எவனாவது சும்மா உட்காந்திருப்பானா? பொய் சொல்றதுன்னாலும் ஒரு அளவு வேணாமா?’ன்னு கேக்குறாங்க.”

நியாயமான கேள்வி. உலகத்தில் எந்த ஊரில், எந்த வேலையில் இருக்கிற மனிதனும் அப்படிச் செய்ய மாட்டான். மீன் சந்தையில் ஏலம் போடுகிறவன் நிறுத்துவான். கால்பந்து நடுவர் நிறுத்துவார். பாதிரியார் ஜெபத்தை நிறுத்துவார். நாங்கள்தான் நிறுத்த மாட்டோம். இல்லாத ஐஸ்லாந்து, இல்லாத கானாங்கெளுத்திக்கு ஓட்டுப் போட்டு முடிக்கும் வரை நிஜமான ஒரு பெண்ணின் நிஜமான அப்பா காத்திருக்க வேண்டும். இதை ஒரு மீனவரின் மனைவியிடம் சொன்னால் எப்படி நம்புவார்?

நான் அங்கேயே ஆஃப்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அன்று காலையில் டீடரிக் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: ‘குடும்பத்தினரிடம் உறுப்பினர்கள் தனித்தனியாக எதுவும் பேச வேண்டாம். சங்கம் ஒரே குரலில் பேசும்.’ அடுத்த ஆண்டுத் தலைவர் பதவிக்கு என் பெயரை அவன்தான் முன்மொழிந்திருந்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. காப்பியைக் குடித்துவிட்டு, கேக்கையும் தின்றுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

சீட்ஸ்கா சங்கத்திடம் ஒரே ஒரு உதவி கேட்டாள். அம்மாவுக்கு ஒரு கடிதம். வாசகத்தையும் அவளே எழுதிக் கொடுத்தாள்:

‘அன்று நீங்கள் அனுப்பிய செய்தி எங்கள் கைக்கு வந்தது. நாங்கள் அதை உங்கள் மகளிடம் நாற்பது நிமிடம் கொடுக்கவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. தவறு எங்களுடையது.’

அவ்வளவுதான். இதில் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? பேனாவில் மை இருந்தால் பத்து விநாடி. ஆனால் நிர்வாகக் குழு கூடி யோசித்து, சங்கத்தின் பெயரில் போகும் கடிதம் என்பதால் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும் என்று முடிவு செய்தது. இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அதே கிடங்கில் பொதுக்குழு கூடியது.

வாசலில் ஹார்ம் டீடரிக்கை வழிமறித்து நின்றார்.

“தம்பி, அந்தம்மாகிட்ட ‘உள்ள போயிடுச்சு’ன்னு சொன்னவன் நான். என் வாயால சொன்னேன். அன்னியிலேருந்து சோறு எறங்கல. என்னைக் கூட்டிட்டுப் போ, நான் சொல்றேன்.”

“சங்கம் பாத்துக்கும் ஹார்ம். இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம்.”

“என்னய்யா நுணுக்கம்? முப்பது வருஷமா கதவு காக்குறேன். கதவு எதுக்கு? தொறக்குறதுக்கு. உங்களுக்கு மூடத்தான் தெரியுது.”

டீடரிக் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். சீட்ஸ்கா முதல் வரிசை ஓரத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தில் அவளுக்கு நேரடித் தொடர்பு இருப்பதால் அவள் ஓட்டுப் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். டீடரிக் அவளுடைய நாலு வரியைத் திரையில் காட்டினான்.

“இது ஒரு வரைவு. திருத்தங்கள் இருந்தால் வரவேற்கப்படுகின்றன.”

வரவேற்கப்படுகின்றன! எங்கள் ஆட்களிடம் ஒரு காகிதத்தைக் காட்டித் திருத்தம் உண்டா என்று கேட்பது, நாய்க்கு முன்னால் எலும்பைப் போட்டுவிட்டுப் பசிக்கிறதா என்று கேட்பதற்குச் சமம். பதினைந்து கைகள் உயர்ந்தன.

முதலில் ஒருத்தி எழுந்து, கடிதம் இப்படித் திடீரென்று தொடங்கக் கூடாது, முகப்புரை வேண்டும் என்றாள். ‘அன்னாரின் மறைவை ஆழ்ந்த துயரத்துடன் நினைவுகூர்ந்து’ என்று சேர்த்தார்கள். ‘இளைஞர்களிடையே பன்னாட்டுப் புரிதலை வளர்ப்பதில் சங்கத்தின் நீண்ட பணியைக் கருத்தில் கொண்டு’ என்று இன்னொருவன் சேர்த்தான். புருஷனைப் பறிகொடுத்தவருக்கு எழுதும் கடிதத்தில் நம்முடைய பணி எதற்கடா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். கைதட்டினார்கள்.

பிறகு பெப்பைன் எழுந்தான். சட்டம் படிக்கிறவன். சிறந்த பிரதிநிதி என்று நாலு கோப்பை வாங்கியவன்.

“‘கொடுக்கவில்லை’ என்ற சொல்லில் உள்நோக்கம் தொனிக்கிறது. ‘உரிய நேரத்தில் சேர்ப்பிக்க இயலாத நடைமுறைச் சூழல் நிலவியது’ என்று மாற்றலாம்.”

“பெப்பைன்” என்றாள் சீட்ஸ்கா, உட்கார்ந்தபடியே. “மனுஷன் மாதிரிப் பேசு.”

“உன் வலி எனக்குப் புரியுது சீட்ஸ்கா. உனக்காகத்தான் பேசறேன். நாளைக்கு இந்தக் காகிதத்தை ஒரு வக்கீல் பாத்தா?”

“எங்கம்மா பாக்கணும்டா. வக்கீல் எங்கேருந்து வந்தான்?”

“அமைதி, அமைதி” என்று டீடரிக் சுத்தியலைத் தட்டினான்.

‘தவறு எங்களுடையது’ என்பதை ‘சங்கம் ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது’ என்று மாற்றினார்கள். ‘ஆழ்ந்த’ வேண்டுமா ‘மிகுந்த’ வேண்டுமா என்று கால் மணி நேரம் விவாதம். சத்தியமாகச் சொல்கிறேன், கால் மணி நேரம். இரண்டு அணியாகப் பிரிந்து, ஒருவருக்கொருவர் விட்டுக் கொடுத்து, கடைசியில் இரண்டையும் போட்டார்கள். அந்தச் சமரசத்துக்கு அன்று மதியம் கிடைத்த பெரிய கைதட்டல் கிடைத்தது. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். யாரிடமும் துளி வஞ்சம் இல்லை. நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தார்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி. ‘அவளுக்கு எதுவும் தெரியாது.’ மற்ற மூன்றையும் என்ன பாடு படுத்தினாலும் இந்த ஒன்று போதும். ஆஃப்கா படிக்க வேண்டிய வரி அதுதான்.

பெப்பைன் மறுபடியும் எழுந்தான்.

“பிரதிநிதிக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதற்குச் சங்கம் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்? இந்த வரியை நீக்க முன்மொழிகிறேன்.”

நான் எழுந்தேன்.

“நான் சாட்சி. சீட்டு மேடையில எனக்கும் டீடரிக்குக்கும் நடுவுல கெடந்துச்சு. ரெண்டு பேரும் படிச்சோம். அவ அதைப் பாக்கவே இல்ல.”

“பேச்சாளர் பட்டியல் மூடியாச்சு ரென்ஸ்கா” என்றான் டீடரிக். குரலில் கோபமே இல்லை. “அதுவும் இல்லாம, நாம ரெண்டு பேரும் இதுல சம்பந்தப்பட்டவங்க. நாம பேசறது சரியா இருக்காது.”

நான் உட்கார்ந்தேன். பழக்கம். சுத்தியல் தட்டினால் உட்கார வேண்டும் என்று மூன்று வருடமாகப் பழகிய கால்கள்.

“ஓட்டெடுப்புக்குப் போகலாம். கதவை மூடுங்க. ரென்ஸ்கா, எண்ணிக்கை.”

கைகள் உயர்ந்தன. நான் எழுந்து, வரிசை வரிசையாக எண்ணத் தொடங்கினேன். நாலு, ஏழு, பதினொன்று. அப்போதுதான் சீட்ஸ்கா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தாள். கதவருகே அதே முதலாண்டுப் பெண்.

“இன்னும் ஓட்டெடுப்பு முடியலக்கா…” என்றாள் அவள், பாதிக் குரலில்.

“நகருடி.”

கதவு திறந்து மூடியது. உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே இருந்தன. ஒருவன்கூடக் கையை இறக்கவில்லை. இறக்கினால் எண்ணிக்கை தப்பிவிடும் அல்லவா?

“ரென்ஸ்கா? எவ்வளவு?”

“நீயே எண்ணிக்கோ” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “எண்ணு, கூட்டு, கழி, கோப்பை வாங்கு. உங்களுக்கெல்லாம் வெட்கமே கெடையாதா? ஒரு பொண்ணு அம்மாகிட்ட திரும்பிப் போறதுக்கு ஒரு வரி கேட்டா. ஒரு வரிடா!”

கிடங்கின் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவள் பூட்டைத் திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

“ஆறுதல் சொல்ல வராதே” என்றாள், திரும்பாமலே.

“சொல்லல. உங்க வீட்டுக்குப் போறேன். உங்கம்மாகிட்டப் பேசறேன்.”

“ரெண்டு வாரம் கழிச்சா?”

நான் அவள் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டேன்.

“ஈஸ்டருக்கு வர வேண்டாம்னு இன்னிக்குக் காலையில சொல்லிட்டாங்க. ‘உனக்குத்தான் நெறைய வேலை இருக்குமே’ன்னாங்க.” பூட்டு திறந்தது. “போறதுன்னா போ. நான் வரல. இன்னொரு தடவை அந்தக் கண்ணைப் பாக்க என்னால ஆகாது.”

ஸௌட்காம்ப்புக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். வழி முழுக்க மனதுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டே போனேன். டீடரிக்கை, பெப்பைனை, ஆழ்ந்த அணியை, மிகுந்த அணியை. ஆஃப்காவிடம் அவர்கள் வண்டவாளத்தை எப்படி எடுத்து வைப்பது என்று ஒவ்வொரு வாக்கியமாகக் கோத்துக்கொண்டு போனேன். நன்றாகத்தான் வந்திருந்தது. பேசத் தெரிந்தவள் நான்.

ஆஃப்கா கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கேக் வாங்கிச் சாப்பிட்டவள் என்று நினைவிருந்திருக்கும். சமையலறை மேசையில், துக்கம் கேட்டவர்களுக்கு அனுப்பும் நன்றி அட்டைகள் இருந்தன. பாதிக்கு மேல் விலாசம் எழுதி முடித்திருந்தார். எனக்குக் காப்பி ஊற்றினார், பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார், மூடினார். எதிரில் உட்கார்ந்தார்.

“சொல்லு.”

சொன்னேன். கோத்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. சீட்டு வந்தது, நாங்கள் கொடுக்கவில்லை, அவளுக்குத் தெரியாது என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதைப்போல ஒப்பித்தேன்.

அவர் மேசையில் கிடந்த பேனாவைக் கையில் எடுத்தார்.

“அவ சொன்னது நெசமா?”

“நெசம்மா.”

“ஏன் கொடுக்கல?”

“ஓட்டெடுப்பு நடந்துக்கிட்டு இருந்தது.”

“எதுக்கு ஓட்டு?”

“கானாங்கெளுத்திக்கு. யார் எவ்வளவு பிடிக்கலாம்னு.”

“நெசமான மீனா?”

“இல்ல. சும்மா. நாங்க… அது ஒரு பயிற்சி மாதிரி.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கையில் இருந்த பேனாவின் மூடியைப் போட்டார்.

“அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. புள்ள வந்துட்டாளா, வந்துட்டாளான்னு. வந்துக்கிட்டே இருக்கா, இதோ வந்துட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்பறம் அவரே கேக்குறதை நிறுத்திட்டாரு.” மூடிய பேனாவை அட்டைகளின் மேல் வைத்தார். “நான் அவளைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னேன் ஆஸ்பத்திரியில. அதை உன்கிட்டச் சொல்ல மாட்டேன்.”

“டீடரிக்தான்மா…” என்று தொடங்கினேன். “தலைவன் அவன்தான். நான் அப்பவே சொன்னேன், கொடுத்துடுன்னு…”

“நீயும் அதைப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“எம்புள்ள எவ்வளவு தூரத்துல உட்காந்திருந்தா?”

“ரெண்டாவது வரிசையில. ஒரு… ஏழெட்டு அடி இருக்கும்.”

“உன்னால எழுந்து போக முடியாதபடி யாராவது புடிச்சிருந்தாங்களா?”

“இல்ல.”

“சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தா கேட்டிருக்குமா அவளுக்கு?”

“கேட்டிருக்கும்.”

“நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே, அந்த நாப்பது நிமிஷமும்?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முகப்புரை எதுவும் தோன்றவில்லை.

“ஓட்டு எண்ணினேன்” என்றேன்.

அவர் எழுந்தார். என் காப்பிக் கோப்பையை, நான் இன்னும் பாதிகூடக் குடிக்கவில்லை, எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினார். கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தார். அட்டைகளை ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளினார். பிறகு உள்ளே போய்க் கோட்டு போட்டுக்கொண்டு, கைப்பையுடன் வந்து நின்றார்.

“அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?”

“இன்னும் பன்னிரண்டு நிமிஷத்துல.”

“அவ ரூம் விலாசம் எழுதிக் கொடு. வழி நான் கேட்டுக்கறேன்.” நான் எழுதிக் கொடுத்ததை வாங்கிப் படித்துப் பார்த்து, பைக்குள் வைத்தார். “வந்து சொன்னதுக்கு நன்றி. சொல்லாமலே இருந்திருப்பாங்க உன் ஆளுங்க. நானும் அதே பஸ்லதான் வரணும், வேற கெடையாது. ஆனா நீ எம்பக்கத்துல உட்காராதே.”

நிறுத்தத்தில் அவர் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் நின்றோம். துறைமுகத்திலிருந்து காற்று நேராக முகத்தில் அடித்தது. பேருந்து வந்தது. அவர் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். நான் அவரைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனேன். முன்னால் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவது தெரிந்தது. என்ன பேசினார் என்று கேட்கவில்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. க்ரோனிங்கன் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் கோபப்பட எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.